திறந்து பார்த்து மூடிய காலம்

“திறந்து பாத்துட்டு மூடிட்டாங்களாம்.”

நான் சிறுவனாக இருந்தபோது சின்ன காஞ்சிபுரத்துத் தெருக்களில் இந்த ஒரு வாக்கியம் போதும். கேட்டவர் மேற்கொண்டு எதுவும் கேட்க மாட்டார். ‘உச்’ கொட்டிவிட்டு, மறுநாள் ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு பார்க்கப் போவார். வழியனுப்பத்தான் வந்திருக்கிறார் என்பது கட்டிலில் கிடப்பவருக்கும் தெரியும்.

1983-இல் அந்த வாக்கியம் எங்கள் வீட்டுக்கு வந்தது. பெரியப்பாவுக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். குழித்தறி நெசவாளி. விடியலில் காலைக் குழிக்குள் விட்டு உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். ஒரு வருடமாக மலத்தோடு ரத்தம் போய்க்கொண்டிருந்தது. “நாள் முழுக்க உக்காந்தே கிடந்தா மூலம் வராம என்ன பண்ணும்?” என்று அவரே பெயர் வைத்துவிட்டார். வெந்தயம் ஊறவைத்த தண்ணீர், மோர், வாரம் தவறாமல் எண்ணெய்க் குளியல், கருணைக்கிழங்கு லேகியம் என்று சூட்டுக்குச் சொல்லப்பட்ட எல்லாம் நடந்தது. ‘மூலம், பௌத்திரம்’ என்று பலகை போட்டிருந்த ஓர் இடத்திலும் காட்டினார். ஒரு நாள் இறுகுவதும் மறுநாள் பேதியாவதுமாக வயிறு மாறிக்கொண்டிருந்ததை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் பேசக்கூடிய விஷயமா அது?

ஒரு நாள் இரவு வயிறு பானை போல உப்பிவிட்டது. காற்றுகூடப் பிரியவில்லை. வாந்தி நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், இரவோடு இரவாக அறுத்தார்கள். காலையில் டாக்டர் வெளியே வந்து என் அப்பாவிடம் சொன்னது: “கட்டி ஒட்டிக்கிட்டு இருக்கு. ஈரலுக்கும் போயிடுச்சு. எடுக்க முடியல. வயித்துல வழி பண்ணி விட்டிருக்கோம்.”

முதல் மூன்று வாக்கியங்களும் வீட்டில் எல்லோருக்கும் விளங்கின. கடைசி வாக்கியம் ஒருவருக்கும் விளங்கவில்லை. அந்த வழிதான் பெரியப்பாவுக்கு மீதி நான்கு மாதத்தைக் கொடுத்தது என்று நான் புரிந்துகொள்ளப் பல வருடங்கள் ஆயின.

அடைபட்ட குடலோடு சாவது மிகக் கொடிய சாவு. மேலிருந்து வருவது கீழே போக இடமில்லாமல் குடல் வீங்கும். கடைசியில் வெடித்து மலம் வயிற்றுக்குள் பரவும். கட்டியை எடுக்க முடியாவிட்டாலும், அதற்கு மேலே இருக்கும் பெருங்குடலை வயிற்றுத் தோல்வரை இழுத்து ஒரு வாய் வைத்துவிட்டால் அந்தச் சாவைத் தடுக்கலாம். மருத்துவர்கள் இதைக் கொலாஸ்டமி என்கிறார்கள். நோயைத் தீர்க்காமல், நோய் தரும் துன்பத்தைத் தணிக்கச் செய்யும் அறுவை இது. முற்றிய பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயில் தணிப்பு அறுவைகளுள் பழமையானது. ஆக, அன்றும் கத்தி சரியாகத்தான் வேலை செய்தது. கத்தியைச் சுற்றி இருக்க வேண்டிய எதுவும்தான் அன்று இல்லை.

பை இல்லை. பழைய வேட்டியை நான்காக மடித்து வயிற்றில் வைத்து, மேலே பிளாஸ்டிக் உறை போட்டு, இடுப்பைச் சுற்றிக் கட்டினாள் பெரியம்மா. நாளுக்கு ஏழெட்டு முறை மாற்றினாள். சுற்றியிருந்த தோல் வெந்து புண்ணானது. நாற்றத்துக்குப் பயந்து பெரியப்பா தானாகவே கொல்லைப்புறத் தாழ்வாரத்துக்குக் கட்டிலை மாற்றிக்கொண்டார். வாய் வைத்த இடமோ சரியாக இடுப்பு மடிப்பில். உட்கார்ந்தால் அந்த மடிப்புக்குள் துணி நழுவும். தறியில் உட்கார்ந்தால், நெய்த சேலை சுற்றிவரும் மரம் அங்கேயே இடிக்கும். இரண்டு நாள் முயன்று பார்த்தார். அதற்குப் பிறகு குழியில் இறங்கவில்லை.

அந்த ஆண்டு வைகாசி கருட சேவைக்கு வரதராஜப் பெருமாள் எங்கள் வீட்டு வழியாகத்தான் போனார். வரதர் கருடன் மேல் வரும்போது தெருவே திண்ணையில் நிற்கும். பெரியப்பா கதவுக்குப் பின்னால் நின்று, இடுக்கு வழியாகப் பார்த்துக் கும்பிட்டார். வெளியே வரவில்லை.

*

அன்று ஏன் அப்படித் திறந்து திறந்து மூடினார்கள்? மருத்துவர்களின் அலட்சியம் என்று பலர் இன்றும் நினைக்கிறார்கள். உண்மைக் காரணம் எளிது. வயிற்றுக்குள் நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று வெளியிலிருந்து பார்க்கும் கருவி எங்கள் ஊர்ப் பக்கத்தில் அன்று இல்லை. வயிற்றைத் திறப்பதே ஸ்கேன். திறந்த பிறகுதான் ஈரலில் கட்டிகள் தெரியும், வயிற்றுச் சவ்வில் மணல் தூவினாற்போல் நோய் இறைந்து கிடப்பது தெரியும். அப்போது மூடுவதைத் தவிர வேறு வழி அநேகமாக இருக்காது.

ஊரில் நிலைத்துவிட்ட இன்னொரு பேச்சின் வேரும் இங்கேதான் இருக்கிறது. “கத்தி வெச்சா பரவிடும்.” திறந்து மூடப்பட்டவர்கள் சில மாதங்களில் இறந்ததை ஊர் பார்த்தது. பரவிய பிறகுதான் கத்தி வந்தது. ஊரோ கத்தி வந்ததால் பரவியது என்று கணக்குப் போட்டது. அந்தத் தப்புக் கணக்கு, முழுதும் குணமாகியிருக்கக் கூடிய எத்தனையோ பேரையும் அறுவைக்கு வராமல் தடுத்தது, இன்றும் தடுக்கிறது.

அறுத்த பிறகு கொடுக்க மருந்தும் அதிகம் இல்லை. 1957-இல் வந்த ஃபுளூரோயுராசில் ஒன்றுதான் கால் நூற்றாண்டு கடந்தும் பெருங்குடல் புற்றின் முதன்மை மருந்தாக இருந்தது. வலிக்கு மார்பின் உண்டு. அதற்கும் பூட்டு விழுந்தது. 1985-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்த பிறகு உரிமக் கெடுபிடிகளுக்குப் பயந்து மருந்துக் கடைகளும் ஆஸ்பத்திரிகளும் மார்பினையே கைவிட்டன. இந்தியாவின் மருத்துவ மார்பின் பயன்பாடு 1997-இல் 18 கிலோவாகச் சுருங்கியது. இத்தனைக்கும் மார்பின் எடுக்கும் அபினை விளைவிக்கும் நாடு இது. 2014-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தும்வரை எத்தனை வீடுகளின் தாழ்வாரங்களில் எத்தனை பேர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார்கள் என்பதை எந்தக் கணக்கேடும் சொல்லாது.

*

இந்த நோய்க்கான மருத்துவத்தின் பழைய கதைகளைப் படித்தபோது ஒன்று கவனித்தேன். ஒவ்வொரு படியையும் ஏறியவர், தன் மனிதர் ஒருவர் படும் பாட்டைக் கூட இருந்து பார்த்தவராகவே இருக்கிறார்.

பிரான்ஸில் புரூசே என்ற பெயர்பெற்ற மருத்துவர் மலக்குடல் அடைத்து 1838-இல் துடிதுடித்து இறந்தார். அதைப் பார்த்த அவருடைய நண்பர் அமுசா என்ற அறுவை மருத்துவர், அடைப்புக்கு மேலே குடலை வெளியே திறக்கும் முறையைச் செம்மையாக்கி மறு ஆண்டே செய்து காட்டினார். மயக்க மருந்து வருவதற்கும் முந்திய காலம் அது. டென்மார்க்கில் எலிசே சோரென்சன் என்ற செவிலியின் தங்கைக்கு வயிற்றில் வாய் வைக்கப்பட்டது. முப்பது வயதைத் தாண்டியிருந்த அந்தத் தங்கை, கசிவுக்குப் பயந்து வீட்டை விட்டு வெளியே வர மறுத்தாள். தோலில் ஒட்டிக்கொள்ளும், கழற்றி எறியக்கூடிய பிளாஸ்டிக் பை என்ற யோசனை அந்த அக்காவுக்கு 1954-இல் வந்தது. இன்று உலகமெங்கும் பயன்படும் பைகள் அதன் வாரிசுகள்.

அதே 1954-இல்தான் சென்னை அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. தொடங்கியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய தங்கை மலக்குடல் புற்றுநோயால் 1923-இல் இறந்துபோனார். மருத்துவம் படித்த அக்கா பக்கத்திலேயே இருந்தும் காப்பாற்ற முடியாத சாவு. அந்த வேதனை முப்பது ஆண்டு உள்ளே கிடந்து ஒரு மருத்துவமனையாக எழுந்தது. டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தார்கள்.

எங்கள் ஊருக்கும் அப்படி ஒரு சாவு உண்டு. சின்ன காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்தில் பிறந்து முதலமைச்சரான அண்ணாவுக்கு உணவுக்குழாயில் புற்று. 1968 செப்டம்பரில் நியூயார்க்கில் அறுவை. திரும்பி வந்தவருக்கு நோய் தீரவில்லை, சில மாதங்கள் கிடைத்தன. சென்னை மாநிலம் ‘தமிழ்நாடு’ ஆன 1969 ஜனவரி 14-ஐ அவர் கண்ணால் பார்த்தது அந்த மாதங்களில்தான். பிப்ரவரி 3-ஆம் தேதி அடையாறு மருத்துவமனையில் மறைந்தார். அதே ஆண்டு காஞ்சிபுரத்தை ஒட்டிய காரப்பேட்டையில் அவர் பெயரிலேயே அரசு புற்றுநோய் மருத்துவமனை வந்தது. தீராத நோய்க்குச் செய்யும் அறுவையால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு, அந்தச் சில மாதங்களில் அண்ணா பார்த்துவிட்டுப் போன ஒரு நாளை நான் சொல்வேன்.

*

இனி இன்று.

2022-இல் எங்கள் தெருவில் ஓர் அக்காவுக்கு அதே நோய் வந்தது. அறுபதை நெருங்கியவர். கணவர் நெய்ய, இவர் ராட்டையில் ஊடைநூலைத் தாராகச் சுற்றிக் கொடுப்பார். எட்டு மாதம் ரத்தம் போயிருக்கிறது. எட்டு மாதமும் மூலம்தான். நாற்பது ஆண்டில் இது மட்டும் கொஞ்சமும் மாறவில்லை.

மற்றதெல்லாம் மாறியிருந்தது. அரசு மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். மலக்குடலில் கட்டி, வழி ஏறக்குறைய அடைபட்டிருக்கிறது, ஈரலின் இரு பக்கமும் பரவல் என்று வயிற்றில் கத்தி படாமலே தெரிந்துவிட்டது. மருத்துவர் எங்களை உட்கார வைத்தார். மூத்த மகன் எழுந்துபோய்க் காதோடு சொன்னான்: “அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சார்.”

“சொல்லாம, அவங்களுக்கு என்ன வேணும்னு எப்படிப்பா கேக்கறது?” என்றார் மருத்துவர்.

பிறகு அக்காவிடம் மெதுவாகச் சொன்னார். முழுதும் எடுக்கக்கூடிய நோய் இல்லை என்பதையும் சொன்னார், செய்யக்கூடியது என்ன என்பதையும் சொன்னார். “உங்களுக்கு எது முக்கியம்னு நெனைக்கிறீங்கம்மா?” என்று கேட்டார். அக்கா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே யோசித்தார். “சாப்பிட்ட சோறு தங்கணும் சார். இந்த வயிறு உப்புறது நிக்கணும். தார் சுத்த உக்காரணும்.”

என் பெரியப்பாவிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், தறிக் குழியில் இறங்க வேண்டும் என்றுதான் அவரும் சொல்லியிருப்பார்.

இன்று மருத்துவர் கையில் பல வழிகள் இருக்கின்றன. பெருங்குடல் அடைபட்டால், மடங்கிய கம்பி வலைக் குழாய் ஒன்றை ஆசன வழியே உள்ளே செலுத்தி, அடைப்புக்குள் விரியவிட்டு வழி உண்டாக்கலாம். ஸ்டென்ட் என்று இதயத்துக்குச் சொல்கிறோமே, அதன் பெரிய வடிவம். வயிற்றில் வாயே வைக்க வேண்டாம். ஆனால் ஆசன வாய்க்கு மிக அருகே கட்டி இருந்தால் அந்தக் குழாய் வலியும் உறுத்தலும் தரும். சிலருக்கு இடம் நழுவும், குடலைத் துளைத்துவிடுவதும் உண்டு. வலப்பக்கக் குடலில் கட்டி என்றால், சிறுகுடலைக் கட்டிக்கு அப்பாலுள்ள பெருங்குடலோடு இணைத்துச் சுற்றுப்பாதை போடலாம். ரத்தம் நிற்காமல் கொட்டினாலோ குடல் வெடித்துவிட்டாலோ, பரவல் இருந்தாலும் அந்தத் துண்டை வெட்டி எடுக்க வேண்டி வரும். மலக்குடல் கட்டியிலிருந்து ரத்தமும் வலியும் என்றால் சில நாள் கதிர்வீச்சே போதுமானதாகலாம்.

அறுக்காமல் இருப்பதும் இன்று ஒரு முடிவு. பரவிய நோய், ஆனால் குடலில் இருக்கும் கட்டி எந்தத் தொல்லையும் தரவில்லை. அதை வெட்டி எடுத்துவிட்டு மருந்து கொடுத்தால் ஆயுள் கூடுமா? ஜப்பானிய மருத்துவர்கள் இதைச் சோதித்து 2021-இல் வெளியிட்டார்கள். முதலில் அறுத்தவர்கள் நடுமதிப்பாக 25.9 மாதம், அறுக்காமல் மருந்து மட்டும் எடுத்தவர்கள் 26.7 மாதம் வாழ்ந்தார்கள். வெட்டியதால் ஆயுள் கூடவில்லை. தொல்லை தராத கட்டியைக் குடும்பத்தின் மனத் திருப்திக்காக அறுக்கத் தேவையில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். ‘பெரிய ஆபரேஷன்’ செய்துவிட்டோம் என்று ஊருக்குச் சொல்வதற்காக நகையை அடகு வைக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் இந்த இரண்டு எண்களைச் சொல்ல வேண்டும்.

அக்காவுக்குக் கட்டி கீழே இருந்ததால் குழாய் ஒத்துவராது. வயிற்றில் வாய் வைப்பதே சரி என்று முடிவானது. அறுவைக்கு முதல் நாள் ஒரு செவிலியர் வந்தார். நிற்கச் சொன்னார், குனியச் சொன்னார். “வீட்ல எப்படிம்மா உக்காருவீங்க?” என்று கேட்டுத் தரையில் சம்மணம் போட வைத்தார். சேலைக் கொசுவத்தை எங்கே செருகுவார் என்று பார்த்தார். மடிப்பு விழாத, கொசுவம் அழுத்தாத, அக்கா கண்ணுக்கே தெரியக்கூடிய ஓர் இடத்தில் மையால் வட்டம் போட்டார். மறுநாள் சிறு துளைகள் வழியாகவே அறுவை நடந்தது, அந்த வட்டத்தில்தான் வாய் வந்தது. ஐந்தாம் நாள் வீடு.

அந்தப் பேனா வட்டத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். பெரியப்பாவுக்கு இரண்டு விரற்கடை மேலே வைத்திருந்தால் அவர் தறியில் உட்கார்ந்திருப்பார்.

உதட்டின் உட்புறம் போலச் சிவந்து ஈரமாக இருக்கும் அந்த வாய்க்குத் தொடுவலி கிடையாது. இது தெரிந்ததும் பாதி பயம் போய்விட்டது. வாயின் அளவுக்குப் பையின் ஒட்டுத் தட்டை வெட்டி ஒட்டவும், பையைக் காலி செய்யவும், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை மாற்றவும் அக்காவே கற்றுக்கொண்டார். முதல் வாரம் அழுதார். மூன்றாம் வாரம், “அதுபாட்டுக்கு அது, எம்பாட்டுக்கு நான்” என்றார். குடல் வழி திறந்ததால்தான் அவருக்கு மருந்து ஏற்றவே முடிந்தது. அடைபட்ட வயிற்றோடு கீமோ கொடுக்க முடியாது. ஃபுளூரோயுராசிலோடு ஆக்ஸாலிபிளாட்டினும் சேர்த்துக் கொடுத்தார்கள். செலவை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஏற்றது. வலிக்கு மார்பின் மாத்திரை கிடைத்தது. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், கடைசி மாதங்களில் செவிலியர் வீட்டுக்கே வந்தார். நோய் ஆதரவு சிகிச்சை என்று அதற்குப் பெயர்.

2023 வைகாசி. வரதர் கருடன் மேல் வந்தபோது அக்கா திண்ணையில், தெருவோடு தெருவாக நின்றார். பக்கத்தில் நின்றவர்களில் பலருக்கு அவர் வயிற்றில் பை இருப்பதே தெரியாது. அன்று பகலில் ராட்டையிலும் உட்கார்ந்தார்.

அறுவைக்குப் பிறகு அவர் பதினான்கு மாதம் இருந்தார். அதில் பதினோரு மாதம் தார் சுற்றினார். இறந்தது வீட்டில், வாந்தி இல்லாமல், வயிறு உப்பாமல்.

*

இன்றும் எல்லாம் சரியாகிவிடவில்லை. வாய் வைக்கும் இடத்தைக் குறித்துக் கொடுத்து, பை மாற்றக் கற்றுத்தரும் பயிற்சி பெற்ற செவிலியர்கள் எல்லா மருத்துவமனைகளிலும் இல்லை. நள்ளிரவில் அடைப்போடு வருபவருக்கு இடம் குறிக்க நேரமும் இருப்பதில்லை. பை மாதா மாதம் வாங்க வேண்டிய பொருள். கூலி குறைந்த மாதத்தில் பழைய துணிக்குத் திரும்பும் குடும்பங்கள் நம் நடுவே இருக்கின்றன. அரிசியைப் போல, மாத்திரையைப் போல, அந்தப் பையும் தேவைப்படுகிறவருக்கு இலவசமாக, தடையில்லாமல் கிடைக்க வேண்டும். நோயாளியிடம் நோயை மறைக்கும் வழக்கமும் போகவில்லை. பாசத்தால்தான் மறைக்கிறோம். ஆனால் தன் வயிற்றில் எதற்காக ஒரு வாய் வந்தது என்று தெரியாமலே பெரியப்பா செத்தார். அப்படி ஒரு பாசம் இனி யாருக்கும் வேண்டாம்.

குணப்படுத்த முடியாது என்றால் ஒன்றும் செய்ய முடியாது என்று பொருள் கொண்டது அந்தக் காலம். இந்தக் காலத்தில் அந்த இடத்தில் ஒரு கேள்வி வந்திருக்கிறது: மீதியுள்ள நாளை எப்படி வாழ விரும்புகிறீர்கள்? நாற்பது ஆண்டில் நடந்த மாற்றங்களில் ஸ்கேனையும் மருந்தையும்விட இதையே பெரிதாக நினைக்கிறேன். அதனால் உங்கள் வீட்டில் ஒருவருக்கு இந்த அறுவை என்று சொன்னால் மருத்துவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இது நோயைத் தீர்க்கவா, தொல்லையைத் தணிக்கவா? செய்யாவிட்டால் என்ன ஆகும்? வாய் வைப்பதானால் எந்த இடத்தில், முன்கூட்டியே குறிப்பீர்களா? கேட்பது உங்கள் உரிமை. பதில் நோயாளியின் காதில் விழ வேண்டும்.

இன்னொன்று, இதைவிட முக்கியம். மலக்குடலில் வரும் கட்டிகளில் பல, கையுறை போட்ட விரலுக்கே எட்டும் தூரத்தில் இருப்பவை. அந்தப் பரிசோதனைக்கு ஒரு நிமிடம் ஆகாது. எந்த அரசு மருத்துவமனையிலும் செய்வார்கள். பெரியப்பா ஒரு வருடம் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், அக்கா எட்டு மாதம். இருவருக்கும் அந்த ஒரு நிமிடம் கிடைக்கவில்லை. மலத்தில் ரத்தம் கண்டால், வெட்கப்பட்டுக்கொண்டு நீங்களே அதற்கு மூலம் என்று பெயர் வைக்காதீர்கள். அந்த வாரமே மருத்துவரிடம் போங்கள்.